காது வெட்டப்பட்டு வந்த டாபர்மேன் குட்டி: தையல் பிரித்தது முதல் காது நிற்கும் வரை

குட்டியின் காதை வெட்டாதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மடிந்த காதோடு இருக்கும் டாபர்மேனும் கிரேட் டேனும் அதே நாய்தான், அதே காவல்தான். 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் விலங்கை ஊனப்படுத்துவதைக் குற்றமாகவே சொல்கிறது. டாபர்மேன் பிறந்த ஜெர்மனியில் 1987 முதல் காது வெட்டத் தடை இருக்கிறது. காதை வெட்டினால் சீழ் வராது என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். பிறவியிலேயே காது நிமிர்ந்த ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் காதில் சீழும் பூஞ்சையும் வருகின்றன.

ஆனாலும் வெட்டிய காதோடு குட்டிகள் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. "காது கட் பண்ணியாச்சு சார், பிளாஸ்டர் மட்டும் போட்டுக்கிட்டா போதும்" என்று சொல்லிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அந்த 'மட்டும்' என்பது மாதக்கணக்கில் நீளும் வேலை. வெட்டியவரைத் திட்டிக்கொண்டு அந்தக் காதை அப்படியே விட்டால், ஓரம் சுருங்கிச் சுருண்டு, மடிப்புக்குள் ஈரம் தங்கி, பாதிப்பு குட்டிக்குத்தான். ஆகவே இது வெட்டுவதற்கான வழிகாட்டி இல்லை. வெட்டி முடிந்த காதை ஒழுங்காக ஆற்றி, வளர வளரப் பார்த்துக்கொள்வது எப்படி என்பதுதான் இங்கே இருக்கிறது. 9 வாரத்தில், 7.8 கிலோ எடையில், நடுத்தர நீள வெட்டோடு வந்த ஒரு ஆண் டாபர்மேன் குட்டிக்குச் செய்தவற்றை வைத்து இந்தப் பதிவு எழுதப்பட்டிருக்கிறது. இடம் கடலோர ஊர். காற்றில் எப்போதும் ஈரம். இந்த ஒரு விஷயம் பாதி முறைகளையே மாற்றிவிடும்.

வெட்டிய காது ஏன் தானாக நிற்பதில்லை

காதுமடலுக்குள் இருப்பது எலும்பு இல்லை, வளைந்து கொடுக்கும் குருத்தெலும்பு. குட்டிப் பருவத்தில் அது தாள் போல மெல்லியது, மாதங்கள் ஆக ஆகத்தான் விறைப்பு ஏறும். வெட்டிய ஓரத்தில் உருவாகும் தழும்போ வாரக்கணக்கில் சுருங்கிவிடும். மெல்ல விறைக்கும் குருத்தெலும்பை வேகமாகச் சுருங்கும் தழும்பு இழுப்பதால்தான் நுனி சுருள்கிறது, ஓரம் கொசுவுகிறது, காது பக்கவாட்டில் சாய்கிறது. கட்டுப் போடுவது தழும்பு சுருங்காதபடி காதை நீட்டிப் பிடித்து, குருத்தெலும்பு விறைப்பதற்குக் காலம் வாங்கிக் கொடுக்கத்தான். குச்சியை வைத்து அழுத்தி எந்தக் காதையும் நிறுத்திவிட முடியாது.

குட்டையான வெட்டு என்றால் 1 முதல் 2 மாதக் கட்டோடு பெரும்பாலும் நின்றுவிடும். நடுத்தர நீளத்துக்கு 2 முதல் 4 மாதம் ஆகும். கண்காட்சிக்கென்று வெட்டும் நீளமான, அடி குறுகிய காதுக்கு ஆறேழு மாதம், சில வேளை ஒரு வருடம்கூட இழுக்கும். அடியில் விட்டுவைத்த அகலமான பகுதிதான் காதுக்கு அஸ்திவாரம். அதை ஒட்ட நறுக்கியிருந்தால் மேலே என்ன கட்டினாலும் ஆட்டம் இருக்கும்.

முதல் இரண்டு வாரம்: புண்தான் வேலை, கட்டு இல்லை

குட்டி வந்த அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மயக்கம் கொடுத்து, தையல் போட்டு, சுத்தமாகச் செய்ததா, கத்தரிக்கோலால் நறுக்கி மஞ்சள் அப்பியதா என்பது அவர் பார்த்தவுடன் தெரிந்துவிடும். இந்த வயதுக் குட்டிக்குத் தடுப்பூசிகள் பாதியில்தான் இருக்கும். மருத்துவமனைத் தரையில் இறக்காமல் கையிலோ கூடையிலோ வைத்துக்கொள்ளுங்கள், பார்வோ வைரஸ் தரையிலிருந்துதான் ஏறும்.

தையல் பொதுவாக 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். அதுவரை கழுத்தில், காதைச் சொறியவிடாமல் தடுக்கும் பிளாஸ்டிக் கூம்பு கட்டாயம். பின்னங்கால் நகத்தால் ஒரு தடவை சொறிந்தாலே நாலு தையல் பிரிந்துவிடும். கூடப் பிறந்த குட்டியோ வேறு நாயோ வீட்டில் இருந்தால் பிரித்து வையுங்கள், விளையாட்டில் முதலில் கடிபடுவது காதுதான்.

தினம் இரண்டு வேளை ஓரத்தைத் துடைத்தால் போதும். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் போவிடோன் அயோடின் கரைசலை வெளிர் தேநீர் நிறம் வரும் அளவுக்கு மட்டும் கலந்து, காஸ் துணியை நனைத்துப் பிழிந்து ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட், டெட்டால் எதுவும் ஆறும் ஓரத்துக்கு ஆகாது. புதிதாக முளைக்கும் தோலையும் சேர்த்து எரித்துவிடும். காய்ந்த பொருக்கைப் பிய்க்காதீர்கள். பிய்த்த இடம் ஒவ்வொன்றும் ஒரு மேடாகத் தழும்பாகி, பின்னால் சரியாக அந்த இடத்தில்தான் காது கொசுவும்.

நம் ஊரில் இந்த இரண்டு வாரத்தின் பெரிய எதிரி ஈ. ஈரமான வெட்டு ஓரத்தில் ஈ முட்டை வைத்தால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். குட்டியைக் கொசுவலைக்குள்ளோ வலையடித்த அறையிலோ வையுங்கள். புழு தெரிந்தால் டர்பென்டைன், கற்பூர எண்ணெய், பினாயில், மண்ணெண்ணெய் என்று ஊற்றாதீர்கள். இவை குட்டியின் தோலை வெந்துபோகச் செய்யும், நக்கினால் விஷம். நேராக மருத்துவமனை. வலிக்கு நமக்கு வாங்கும் பாராசிட்டமால், இபுபுரோஃபென் எதையும் கொடுக்காதீர்கள். நாய்க்கான வலிமருந்தை எடைக்கேற்ப மருத்துவர் எழுதித் தருவார்.

இந்தக் குட்டிக்கு 12ஆம் நாள் தையல் பிரித்தோம். இடது காது ஓரத்தில் 1 செ.மீ. அளவுக்குப் பொருக்கு இன்னும் ஒட்டியிருந்ததால் கட்டை உடனே ஆரம்பிக்காமல் மூன்று நாள் பொறுத்தோம். தையல் பிரித்த சூட்டிலேயே பிளாஸ்டர் போடும் அவசரம் வேண்டாம். திறந்த புண்ணை மூடி ஒட்டினால் உள்ளே சீழ்தான் கட்டும்.

வாங்க வேண்டியவை

முக்கியமான பொருள் மருந்துக் கடையில் கிடைக்காது. கட்டட வேலைக்கான ஹார்டுவேர் கடையில் 'பேக்கர் ராட்' என்று கேளுங்கள். கண்ணாடிச் சன்னலுக்கும் தரை இடைவெளிக்கும் சிலிகான் அடிப்பதற்கு முன்னால் உள்ளே திணிக்கும் சாம்பல் நிற நுரைக் கயிறு அது. மூடிய அறைகள் கொண்ட பாலிஎத்திலீன் நுரை என்பதால் தண்ணீர் உறிஞ்சாது. பஞ்சு போன்ற ஸ்பாஞ்சு ஈரத்தைக் குடித்து இரண்டே நாளில் நாற்றம் எடுக்கும், அதை வாங்காதீர்கள். 10 முதல் 14 வார டாபர்மேனுக்கு 10 மி.மீ. விட்டம் போதும், அதற்கு மேல் 12 மி.மீ. கிரேட் டேனுக்கு 12இல் தொடங்கி 15 மி.மீ. வரை போகலாம். காதை ராடைச் சுற்றி வளைத்தால் ஓரங்கள் கிட்டத்தட்டத் தொட வேண்டும், ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது. ஏறினால் ராட் மெல்லியது என்று அர்த்தம்.

ஒட்டுவதற்கு ஜிங்க் ஆக்சைடு துணிப் பிளாஸ்டர், 2.5 செ.மீ. அகலம். லியூகோபிளாஸ்ட் வகை. இரண்டு காதுக்கும் சேர்த்து ஒரு தடவைக்கு சுமார் 3 மீட்டர் போகும். காகிதப் பிளாஸ்டர் ஈரத்தில் கழன்றுவிடும், முதல் வாரத்தில் தோல் பழகுவதற்கு மட்டும் உதவும். மின்சார வேலைக்கான கறுப்பு டேப் போடவே கூடாது, அது காற்றே புகாமல் தோலை அவித்துவிடும். இவற்றோடு முனை மழுங்கிய பேண்டேஜ் கத்தரி, காஸ், பஞ்சு, சர்ஜிக்கல் ஸ்பிரிட், டிங்க்சர் பென்சாயின் (பிளாஸ்டர் நன்றாக ஒட்டத் தோலில் தடவும் பிசின் கரைசல்), தேங்காய் எண்ணெய், நாய்க்கான காது கழுவும் திரவம். நீள வெட்டுக் காது என்றால் உள்ளே செருக ஒரு பிளாஸ்டிக் கேபிள் டை.

ஜிங்க் ஆக்சைடு நாய் வயிற்றுக்குள் போகக் கூடாது. கழற்றிய பிளாஸ்டரைத் தரையில் போட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள். குட்டி அதைத்தான் முதலில் வாயில் போடும்.

ராட் தயார் செய்வது

காதின் உட்கிண்ணத்திலிருந்து, அதாவது துவாரத்துக்கு மேலே உள்ள குழிவிலிருந்து, நுனி வரை அளந்து, அதோடு 4 முதல் 5 செ.மீ. கூட்டி வெட்டுங்கள். இந்தக் குட்டிக்கு 11ஆம் வாரம் காது 10 செ.மீ., ராட் 14.5 செ.மீ. ராடைக் காது அளவுக்கே வெட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. ராட் முடியும் இடத்தில் காது மடிந்து, ஒரு வாரத்திலேயே அந்த இடத்தில் நிரந்தர மடிப்புக்கோடு விழுந்துவிடும். நுனிக்கு மேலே ராட் எப்போதும் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். காது வளரும் என்பதால் ஒவ்வொரு மாற்றத்திலும் புதிதாக அளக்க வேண்டும், பழைய ராடைத் திருப்பிப் போடாதீர்கள்.

அடிமுனையை வட்டமாகச் சீவி, சிறு நெல்லிக்காய் அளவு பஞ்சு வைத்து காஸ் சுற்றி, மேலே பிளாஸ்டரால் மூடுங்கள். இந்தக் குமிழ் காதுக் கிண்ணத்தில் உட்கார வேண்டும், துவாரத்துக்குள் இறங்கவே கூடாது. நாயின் காதுக்குழாய் முதலில் கீழே இறங்கி, பிறகு உள்பக்கம் திரும்பும். குமிழ் சிறியதாக இருந்தால் அந்தக் குழாயின் வாயை அடைத்துக்கொண்டு அழுத்தும். குட்டி தலையைச் சாய்த்துக்கொண்டு முனகுவதற்கு முக்கால்வாசி இதுதான் காரணம்.

அடியில் 3 செ.மீ. விட்டுவிட்டு, அதற்கு மேலே ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி பிளாஸ்டரைச் சுருளாகச் சுற்றுங்கள். காதின் உள்தோல் இதில்தான் ஒட்டப் போகிறது. கேபிள் டை வைப்பதானால் ராடின் நடுவில் கீறி உள்ளே செருகி, முனைகளை வட்டமாக நறுக்கி, இரு பக்கமும் 2 செ.மீ. உள்ளே தள்ளியே நிறுத்துங்கள்.

கட்டுவது

நடைபோய், சாப்பிட்டு, சிறுநீர் கழித்துவிட்டு அசந்திருக்கும் நேரம் பாருங்கள். இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தரையில் உட்கார்ந்து குட்டியைக் கால்களுக்கு இடையில் வைத்து, தாடையின் கீழ் கை கொடுத்துத் தலையை நேராகப் பிடிப்பார். பழகிவிட்டால் 20 நிமிட வேலை, முதல் தடவை ஒரு மணி நேரம் ஆகலாம். இடையில் இடையில் சிறு துண்டு வேகவைத்த கோழி. குட்டி திமிறினால் அமுக்கிப் பிடிக்காமல் விட்டுவிட்டு மறுபடி வாருங்கள். இன்னும் முப்பது தடவை இதே இடத்தில் இது உட்கார வேண்டியிருக்கிறது. முதல் நாள் பயம் அத்தனை தடவையும் கூடவே வரும்.

காதைக் கழுவித் துடைத்து 15 நிமிடம் காய விடுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அன்று கட்டு வேண்டாம். உள்தோலை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஒரு தடவை துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள், ஓரத் தழும்பில் படாமல். தோல் முழுசாக ஆறியிருந்தால் மட்டும் டிங்க்சர் பென்சாயினை உள்தோலில் மெல்லியதாகத் தடவி, விரல் வைத்தால் பிசுபிசுக்கும் வரை இரண்டு நிமிடம் பொறுக்கவும். ஈரமாக இருக்கும்போது ஒட்டினால் வழுக்கும்.

ராடைக் கிண்ணத்தில் உட்காரவைத்து, காது நுனியை இரு விரலால் பிடித்து நேர் மேலே நீட்டுங்கள். உறுதியாக இழுக்க வேண்டும், குட்டி கத்தும் அளவுக்கு இல்லை. நீட்டிய நிலையிலேயே கீழிருந்து மேலாக உள்தோலை ராடில் அழுத்திக்கொண்டே போங்கள். ஓரம் எங்காவது உள்ளே மடிந்திருக்கிறதா என்று கட்டைவிரல் நகத்தால் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். பிறகு வெளிப்பக்கம் பிளாஸ்டர். அடியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூடும்படி மேலே போக வேண்டும். பிளாஸ்டரை இழுத்துச் சுற்றாதீர்கள், படுக்கவைத்தால் போதும். சுற்றும் திசை இடதுக்கும் வலதுக்கும் எதிரெதிர். இரண்டையும் ஒரே திசையில் சுற்றினால் ஒரு காது முன்னாலும் இன்னொன்று பக்கத்திலும் பார்க்கும். நுனியில் 1 செ.மீ. மூடாமல் விடுங்கள். அந்தத் திறந்த நுனிதான் உள்ளே ரத்தம் ஓடுகிறதா என்று சொல்லும். அடியிலும் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குக் காற்றுவழி இருக்கட்டும்.

கடைசியில் பாலம். இரு காதும் அடியில் எவ்வளவு தள்ளியிருக்கின்றனவோ அதே இடைவெளியில், ஒரு காதைச் சுற்றி மறு காதைச் சுற்றித் திரும்ப வந்து, நடுவில் ஒட்டும் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டும்படி முடியுங்கள். முன்னாலிருந்து பார்த்தால் இரண்டும் 11 என்ற எண்ணைப் போலத் தெரிய வேண்டும். பாலம் குட்டையானால் நுனிகள் உச்சந்தலையில் கூடும், நீளமானால் மாட்டுக் கொம்பு மாதிரி விரியும். அந்த வாரம் எப்படி நிற்கிறதோ அப்படியே குருத்தெலும்பு பழகிக்கொள்ளும்.

கட்டிய பிறகு அரை மணி நேரம் குட்டி தலையை ஆட்டும், சொறியப் பார்க்கும், பின்னாலேயே நடக்கும். அது சகஜம். ஆனால் நுனியைத் தொட்டுப் பாருங்கள்: அரை மணியில், நாலு மணி நேரத்தில், தூங்கும் முன். வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். குளிர்ந்திருந்தால், வீங்கியிருந்தால், நீலம் பாய்ந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள், அந்த நிமிடமே கட்டை வெட்டி எடுங்கள். ரத்தம் ஓடாத நுனி கருகி உதிர்ந்துவிடும்.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை

குளிர்நாட்டுக் குறிப்புகளில் ஒரு வாரம் வரை வைக்கலாம் என்று இருக்கும். நம் கடலோர ஈரத்துக்கு அது ஒத்துவராது. முதல் மூன்று தடவை 3 நாள், பிறகு 4, தோல் நன்றாக இருந்தால் 5. அக்டோபர், நவம்பர் மழையில் மறுபடி 3. நனைந்த கட்டு எத்தனை நாள் ஆகியிருந்தாலும் அன்றே கழற்ற வேண்டும். தினமும் காலையில் காதடியில் மூக்கை வைத்து முகர்ந்து பாருங்கள். பிளாஸ்டரின் மருந்து வாசனைதான் வர வேண்டும். புளித்த மாவு வாசனை வந்தால் உள்ளே பூஞ்சை. அழுகிய வாசனை வந்தால் சீழ்.

கழற்றுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் தேங்காய் எண்ணெயை ஓரங்களில் விட்டு ஊறவிடுங்கள். கத்தரியின் மழுங்கிய பக்கத்தை உள்ளே விட்டு, ராட் மேல் படுக்கவைத்தபடி மேலிருந்து கீழாக வெட்டி வாருங்கள். காது ஓரத்தின் பக்கம் கத்தரி திரும்பவே கூடாது. நன்றாக ஊறியிருந்தால் பிளாஸ்டர் வாழைப்பட்டை மாதிரி உரிந்து வரும், முடியோடு வராது. உள்தோலைப் பாருங்கள். வெளிர் ரோஜா நிறத்தில் உலர்ந்திருந்தால் நீங்கள் கணக்கிட்ட நாள் சரி. துணி துவைத்த விரல்நுனி மாதிரி வெளுத்துச் சுருங்கியிருந்தால் ஒரு நாள் தாமதம். மயிர்க்கால்களில் சிவந்த புள்ளிகள் இருந்தால் இரண்டு நாள் தாமதம்.

இந்தக் குட்டிக்கு மூன்றாவது கட்டை 5ஆம் நாள் வரை விட்டதில் வலது காதின் உட்பக்கம் ஏழெட்டுச் சீழ்ப்புள்ளிகள் வந்தன. 2 சதவீத குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கரைசல் 1 பங்குக்கு 40 பங்கு தண்ணீர் கலந்து இரண்டு வேளை துடைத்து, கூம்பு மாட்டி, மூன்று நாள் காற்றாட விட்டதும் வற்றிவிட்டது. நான்காவது நாள்தான் மறுபடி கட்டினோம். அந்த மூன்று நாளில் காது சாய்ந்துதான் போனது. போகட்டும், சாய்ந்த காதை அடுத்த கட்டில் நிமிர்த்திக்கொள்ளலாம். புண்ணான தோல் மேல் கட்டினால் இரண்டு வாரம் போய்விடும்.

ஒவ்வொரு கட்டுக்கும் நடுவில் குறைந்தது இரண்டு, மூன்று மணி நேர இடைவெளி விடுங்கள். முதல் வேலையாக ஓரத்தை நீவ வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகத் தழும்பைப் பிடித்து, அடியிலிருந்து நுனிக்கு மெல்ல இழுத்து நீவிக்கொண்டே போனால் சில இடத்தில் மணல் மாதிரி உறுத்தும், சில இடத்தில் நூல் கட்டியது போல இறுக்கமாக இருக்கும். அந்த இறுக்கம்தான் பிறகு கொசுவப் போகும் இடம். அங்கே மட்டும் கூடுதலாக இரண்டு நிமிடம். பிளாஸ்டர் எடுக்க விட்ட எண்ணெயே நீவவும் போதும். முடித்ததும் மிதமான நாய் ஷாம்பூ ஒரு சொட்டு விட்டுத் துடைத்து எண்ணெயைப் போக்கிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த கட்டு நிற்காது. அப்படியே மடிப்புகளில் உண்ணி இருக்கிறதா என்றும் பாருங்கள். பிளாஸ்டருக்கு அடியில் மாட்டிய ஒரு உண்ணி குட்டியைத் தூங்கவிடாது.

கோணல்கள்

நுனி மட்டும் உள்ளே சுருண்டால் ராட் குட்டை, அல்லது நுனியை நீட்டாமல் ஒட்டியிருக்கிறீர்கள். நடுவில் மடிந்தால் ராட் வளைந்திருக்கிறது, கேபிள் டை வையுங்கள். முழுக் காதும் நேராக நின்று அடியில் மட்டும் பக்கவாட்டில் தொங்கினால் கோளாறு அடிச்சுற்றில். கீழிருந்து முதல் இரண்டு சுற்று தளர்ந்து, குமிழ் கிண்ணத்தை விட்டு வெளியே வந்திருக்கும்.

ஒரு காது நின்று மற்றது நிற்காமல் இருப்பது அடிக்கடி நடக்கும். நிற்கும் காதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் கட்டினால் பாலம் போட ஆதாரம் இருக்காது, கட்டிய காது தன் எடைக்கே சாயும். இரண்டையும் கட்டுங்கள். நிற்கும் காதுக்கு அடியில் மட்டும் இரண்டு சுற்று போதும்.

காதுமடல் திடீரென்று மெத்தென்று பலூன் மாதிரி உப்பினால் அது சீழ் இல்லாமல் இருக்கலாம். விடாமல் தலையை ஆட்டியதில் உள்ளே ரத்தக்குழாய் உடைந்து ரத்தம் கட்டியிருக்கும். ஊசியால் குத்தாதீர்கள், அழுத்திக் கட்டாதீர்கள், மருத்துவரிடம் போங்கள். ஆட்ட வைத்த அரிப்பு எது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் திரும்ப வராது.

கட்டு இருக்கும்போது தோல்மேல் வாய்ப்புண் மாதிரி பள்ளம் விழுந்தால், அதாவது ராட் அழுத்திய இடத்தில் தோல் போயிருந்தால், முழுசாக ஆறும்வரை கட்டு கிடையாது. இதற்கு விதிவிலக்கே இல்லை.

நான்காம் மாதம்: பல்லும் கால்சியமும்

சுமார் 4 மாதத்தில் பால்பல் விழ ஆரம்பித்து, 6, 7 மாதத்துக்குள் நிலைப்பற்கள் வந்துவிடும். இந்தக் காலத்தில் நன்றாக நின்ற காதுகூடச் சாயும். இந்தக் குட்டிக்கு 15ஆம் வாரம் இரண்டு நாள் கட்டில்லாமல் நின்ற காது, 18ஆம் வாரம் காலையில் நிமிர்ந்து மாலையில் தொங்கியது. பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். கட்டுப் போடுவதைத் தொடர வேண்டிய காலமே இதுதான்.

கூடவே யாராவது ஒருவர், பல்லுக்குக் கால்சியம் போய்விடுகிறது, சிரப் ஊற்றுங்கள் என்பார். ஊற்றாதீர்கள். காதில் இருப்பது கால்சியத்தால் இறுகும் எலும்பு இல்லை. பெரிய இனக் குட்டியின் குடலுக்கு அதிகப்படிக் கால்சியத்தைத் தள்ளிவிடும் திறன் சின்ன வயதில் குறைவு. கொடுத்ததை எல்லாம் உறிஞ்சி, கால் எலும்பும் மூட்டும் கோணலாக வளர்ந்துவிடும். அமெரிக்கத் தீவனத் தரக் குறிப்பிலேயே பெரிய இனக் குட்டித் தீவனத்தில் கால்சியம் உலர் எடையில் 1.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். வளர்ந்தால் 40 கிலோவைத் தொடும் நாய்க்கு, காதுக்காகக் காலைக் கெடுப்பது பெரிய பாவம். பெரிய இனக் குட்டிக்கென்று சமன்செய்த தீவனம் போட்டால் மேலே எதுவும் வேண்டாம். வீட்டுச் சாப்பாடு என்றால் அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள்.

எப்போது நிறுத்துவது

கட்டைக் கழற்றி எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். நுனி ஆட ஆரம்பித்தாலே கணக்கு முடிந்தது, முழுசாகத் தொங்கும்வரை காத்திருந்து பார்க்காதீர்கள். தொங்கிய ஒவ்வொரு மணியும் தழும்பு சுருங்கும் நேரம். இந்தக் குட்டியின் நோட்டில் 13ஆம் வாரம் 40 நிமிடம், 15ஆம் வாரம் 2 நாள், பல் முளைத்த 18ஆம் வாரம் 6 மணி, 22ஆம் வாரம் 3 நாள், 25ஆம் வாரம் 9 நாள். அதற்குப் பிறகு மூன்று வாரம் இரவில் மட்டும் அடிச்சுற்றும் பாலமும் போட்டோம். 29ஆம் வாரம் தூங்கி எழுந்ததும், தலையை ஆட்டியதும், ஓடியதும், மழைக்கு முந்தின புழுக்கத்திலும் நின்றன. அன்றோடு கட்டை நிறுத்திவிட்டோம். வலது காது நுனி இன்னும் அரை செ.மீ. உள்ளே சாய்ந்துதான் இருக்கிறது. முதல் மாதம் சீழ்ப்புள்ளி வந்த காது அது.

10, 12 மாதம் ஆகியும் நிற்கவில்லை என்றால் குருத்தெலும்பு அந்த வடிவத்திலேயே விறைத்துவிட்டது. அதற்குமேல் கட்டிக்கொண்டே இருப்பதில் பயன் இல்லை. காதை நிறுத்த உள்ளே ஏதாவது வைத்துத் தைக்கலாமா, மறுபடி வெட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். ஒரு தடவை பட்டது போதும் அதற்கு. சாய்ந்த காதோடு நாய் நன்றாகக் கேட்கும், நன்றாகக் காவல் காக்கும். மடிப்புக்குள் மட்டும் வாரம் ஒரு தடவை திறந்து பார்த்து, ஈரமோ பழுப்பு அழுக்கோ இருந்தால் கழுவி உலர்த்துங்கள்.

நின்ற காதுக்கும் ஒரு பராமரிப்பு உண்டு. மேலே மூடும் மடல் இல்லாததால் தூசி, மழைத்துளி, பூச்சி நேராக உள்ளே போகும். குளிப்பாட்டும்போது காதுக்குழாயின் வாயில் லேசாகப் பஞ்சு வைத்து, முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். வெட்டு ஓரத்தில் முடி அடர்த்தியாக முளைக்காது. வெயிலில் அந்த ஓரம் வெடிக்கும், ஈயும் அங்கேதான் கடித்துப் புண்ணாக்கும். கோடையில் மதிய வெயிலில் கட்டிப்போடாதீர்கள். ஓரம் காய்ந்து வெள்ளையாகப் பொருக்குத் தட்டினால் இரவில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுவிடுங்கள்.